எண்ணிய பின் கத்தரிக்கோல்

ஒக்டோபர் 7

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிந்த சிவப்பு வெள்ளைக் கட்டடம். துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுத்துணி தைக்கிறவர்களுக்குக் கொழும்பில் இதைவிட நல்ல மாதிரிப் புத்தகம் கிடையாது. ஆனால் முழுக் கட்டடத்தையும் படம் பிடித்து வந்து அப்படியே தைக்கப் பார்த்தால், பிறந்தநாள் கேக் மாதிரித்தான் வரும். ஒரு சுவர்த்துண்டு போதும். எத்தனை சிவப்பு வரி, எத்தனை வெள்ளை, இரண்டும் ஒரே அகலமா, வரி எங்கே சதுரமாக மாறுகிறது? எண்ணிக் கொப்பியில் எழுதிய பிறகுதான் அது மாதிரி. அதுவரை வெறும் காட்சி.

ஒக்டோபர் 8

அதே வரிகள் துணியில். 4 செ.மீ. அகலத்தில் ஏழு கீலங்கள், நான்கு சிவப்பு, மூன்று வெள்ளை. தையலுக்காக ஒவ்வொரு ஓரத்திலும் விடும் விளிம்பு 6 மி.மீ. என்றால் உள்வரிகள் 2.8 செ.மீ. தெரியும், தைத்த தட்டின் அகலம் 20.8 செ.மீ. அளந்து பார்க்க 20க்குக் கிட்ட வந்தால், ஒவ்வொரு தையலிலும் விளிம்பு ஒரு மி.மீ.க்கும் குறைவாகக் கூடியிருக்கும். ஆறு தையலில் அதுவே திரண்டு விடும்.

எல்லாத் தையலையும் ஒரே முனையிலிருந்து தொடங்கினால் தட்டு வாழைப்பழம்போல் வளையும். ஒன்றை இந்த முனையிலிருந்து, அடுத்ததை மறுமுனையிலிருந்து. விளிம்புகளைச் சிவப்புப் பக்கம் மடித்து அழுத்த வேண்டும். வெள்ளைக்கு அடியில் போனால் நிழல் தட்டும். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல், வைத்து எடுக்கவும்.

ஒக்டோபர் 9

நேற்றைக்கு முன்னரே எழுதியிருக்க வேண்டியது: சாயம். சிவப்புத் துண்டை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து, சூடாக அழுத்திப் பாருங்கள். கறை பட்டால், இழையில் பிடிக்காத சாயம் மிஞ்சியிருக்கிறது. உப்பும் வினாகிரியும் போட்டால் நிற்கும் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். பருத்தியில் அது நடக்காது. சுடுநீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. ஏழெட்டுத் தரம் அலசியும் தெளியாத துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

ஒக்டோபர் 13

பின்னேர இடிமழை. தீபாவளிக்கு முன் வெள்ளவத்தைத் தையற்கடைகளில் வெட்டுத்துண்டு குவியும். எது பருத்தி என்று தெரியாவிட்டால் ஒரு நூலைக் கொளுத்துங்கள்: பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

ஒக்டோபர் 14

காலிமுகத்திடல், சூரியன் இறங்கும் நேரம். தொலைபேசிப் படம் செம்மஞ்சளை மிகைப்படுத்தும்; நூல் ஏமாற்றாது. ஒரு மட்டையில், கண்ணுக்குத் தெரிகிற விகிதத்தில் 60 சுற்று நூல் சுற்றினால்: சாம்பல் நீலம் 31, ஈயச்சாம்பல் 17, மங்கல் மஞ்சள் 9, செம்மஞ்சள் வெறும் 3. சுவரில் தொங்கும் துணி 90 செ.மீ. உயரமென்றால் ஒரு சுற்றுக்கு 1.5 செ.மீ. ஆக, செம்மஞ்சள் 4.5 செ.மீ.; விளிம்போடு 5.7 வெட்ட வேண்டும். அந்தக் கீலத்தை இன்னும் அகலமாக்க ஆசை வரும். அகலமாக்கினால் அந்தி போய், விளம்பரப் பலகை வந்துவிடும்.

ஒக்டோபர் 16

பத்திக், அதாவது மெழுகு பூசிச் சாயமேற்றிய துணியின் வெட்டுத்துண்டுகள். பெந்தோட்ட பீச் ஹோட்டலின் உட்கூரையைப் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் துணிகள் நிறைத்தன. அந்த அளவு நிறத்துணிவு நமக்கும் வேண்டும், ஆனால் முதலில் மெழுகு போக வேண்டும். மிஞ்சிய மெழுகு ஊசியில் ஒட்டித் தையலைத் தவற வைக்கும். சவர்க்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மேலே உறைந்த மெழுகை எடுத்தெறியுங்கள். தொட்டிக்குள் ஊற்றினால் குழாய் அடைபடும். மெழுகு வெடித்த கோடுகளின்மேலேயே தைத்துப் போனால் வேறு வரைபடம் தேவையில்லை.

ஒக்டோபர் 20

மூன்று அடுக்கு: தைத்த மேல்துணி, நடுத்துணி, அடித்துணி. இந்தப் புழுக்கத்துக்குத் தடித்த பஞ்சு வேண்டாம். நடுவில் பழைய பருத்திச் சாறம் போதும். அடித்துணி நான்கு பக்கமும் 5 செ.மீ. கூட. நடுவிலிருந்து வெளியே, 10 செ.மீ.க்கு ஒன்றாக, அடுக்குகள் நகராமல் தற்காலிக நூலோட்டம். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் கட்டும். தையல் இயந்திரத்தில் 90/14 அளவு ஊசி. வெட்டும்போது துணிக்குக் கஞ்சி போட்டிருந்தால் முடிவில் அதை அலசி எடுங்கள், இல்லையேல் பூஞ்சணமும் பூச்சியும் வரும். பொலித்தீன் பையில் வைக்காமல், பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள்.