லாகூர்ல அடிச்ச நாலணா

“புளி போட்டுத் தேய்ச்சுத் தரட்டாலே, பளபளன்னு ஆயிரும்”னு கேட்டாவ ஆச்சி. பாய்ஞ்சு பிடுங்கிட்டேன். தேய்ச்சா போச்சு, எந்த ஊர்ல அடிச்சதுன்னு சொல்ற குறியும் மழுங்கிரும், மதிப்பும் போயிரும்.

சுருக்குப்பையில கிடந்த 1944-ஆம் வருசத்து நாலணா. ஆறாம் ஜார்ஜ் தலை, பாதிதான் வெள்ளி.

சாயங்கால வெயில்ல திண்ணையில கறுப்புத் துணி விரிச்சு வச்சேன். நாணயத்துக்கு ஃபிளாஷ் ஆகவே ஆகாது, எல்லாம் வெளுத்துப்போவும். பக்கவாட்டுல தாழ்வா விழுற வெளிச்சம்தான் மேடுகளுக்கு நிழல் கொடுக்கும்.

மெதுவாத் திருப்பிக்கிட்டே இருந்தேன். அடியில எள்ளு மாதிரி ஒண்ணு.

செல்போன்ல பெரிசாக்கினா, ‘எல்’.

லாகூர்!

போர்க்காலத்துச் சில்லறைப் பஞ்சத்துல, 1943-ல பிரிட்டிஷ்காரங்க காசு அடிக்க ஆரம்பிச்ச ஊர். கல்கத்தா காசுன்னா குறியே இருக்காது.

பாகிஸ்தான்னு ஒரு நாடே இல்லாத காலம். அங்க அடிச்ச காசு, யார் யார் கை மாறியோ பாளையங்கோட்டை மார்க்கெட்ல கத்தரிக்காய் வாங்கியிருக்கும். எந்த ஊர்க் காசுன்னு யாரு பார்த்தா?

உங்க பையில சில்லறை கிடந்தா வருசத்துக்குக் கீழ பாருங்க. வைரக் குறின்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், வட்டப் புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தாதான், அன்னைக்கும் இன்னைக்கும்.

எனக்கு என்னமோ நட்சத்திரம்தான் அதிகம் சிக்குது.