காட்டுக்காக எழுந்த செரான்

மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், பைன் மரக்காடுகள் சூழ அமைந்திருக்கிறது செரான். புரெபெச்சா பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இந்த ஊருக்குச் சோளமும் காடும்தான் வாழ்வாதாரம். பைன் மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பிசினைச் சிறு கலத்தில் சேகரிப்பது அங்கே நெடுங்காலத் தொழில்.

ஆயுதக் குழுக்களின் துணையோடு மரக்கடத்தல்காரர்கள் அந்தக் காட்டை ஆண்டுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். நகராட்சியும் காவல்துறையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றின் அருகேயும் மரங்கள் விழத் தொடங்கியபோது, 2011 ஏப்ரல் 15 அதிகாலையில், கல்வாரி தேவாலயத்தின் அருகே மரம் ஏற்றிவந்த வண்டிகளைப் பெண்களே முன்னின்று மறித்தார்கள். கோயில் மணி ஒலித்ததும் ஊரே திரண்டது. அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அதன்பின் தெருமுனைதோறும் நெருப்பு மூட்டி இரவெல்லாம் காவல் காத்தார்கள். சமையலும் அரசியல் விவாதமும் அந்த நெருப்பைச் சுற்றியே நடந்தன. அரசியல் கட்சிகளை வெளியேற்றினார்கள். தங்கள் மரபுப்படியே ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தேர்தல் தீர்ப்பாயம் அதே ஆண்டு ஏற்றுக்கொண்டது. நான்கு பேட்டைகளிலிருந்தும் மூவர் வீதம் 12 பேர் கொண்ட பேரவை 2012 முதல் ஊரை நிர்வகிக்கிறது. வாக்குச்சீட்டு கிடையாது, தாம் விரும்பும் வேட்பாளரின் பின்னால் மக்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாற்றங்காலில் வளர்த்த பைன் கன்றுகளை, வெட்டப்பட்ட மலைச்சரிவுகளில் அவர்களே நட்டு வருகிறார்கள்.