பட்டிப்பொலப் பைனஸும் சமவெளிக் கீனாவும்

ஹட்டனில் புகையிரதம் ஏறி, பதுளைப் பாதையில் பட்டிப்பொல நிலையத்தில் அப்பாவும் நானும் இறங்கியபோது, மூடுபனி இன்னும் விலகியிருக்கவில்லை. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நிலையத்திலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வழியில், வீதியோரப் பைனஸ் மரங்களின் கீழ் முச்சக்கர வண்டியைச் சற்று நிறுத்தச் சொன்னேன். நான் பார்க்க வந்தது அந்த மரங்களின் வேரை.

தோட்டத்தில் பிறந்த எங்களுக்குப் பங்கசு என்றாலே நோய்தான். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பித் துரு நோய் ஒரு பங்கசுவால் வந்தது. கோப்பி அழிந்த மலைகளில்தான் பின்னர் தேயிலை பரவியது. அப்பாவும் தம் வேலைக்காலத்தில் சிவப்பு வேர் நோய் கண்ட தேயிலையை வேரோடு பிடுங்கி எரித்து, நோய் அடுத்த செடிக்குப் போகாதபடி சுற்றிலும் ஆழமாகக் கான் வெட்டியவர். ஆகவே, வேரில் பங்கசு இல்லாவிட்டால் பைனஸ் தேறாது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

உதிர்ந்த ஊசியிலைகளைக் கையால் விலக்கினோம். அடியில் ஈரமாக, காளான் மணத்தோடு கறுத்த மக்கு இருந்தது. அதனூடே வெண்ணிற நூல்கள் ஓடின. ஒரு சிறு வேரின் நுனியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். நுனிகள் தடித்துக் குட்டையாக, கவண் கட்டை போல இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன. பங்கசு உறைபோல் மூடிய வேர்நுனி அப்படித்தான் கவைத்து வளரும். அங்கே நீரையும் பொஸ்பரசையும் உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் பங்கசுவே செய்கிறது. ஒளித்தொகுப்பில் மரம் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கு கூலியாக அதற்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கூட்டு வாழ்வுக்கு மைக்கோரைசா என்ற பெயரை ஜேர்மனியத் தாவரவியலாளர் ஃபிராங்க் 1885இல் இட்டார். பைனஸ் இயற்கையில் இல்லாத புவேர்ட்டோ ரிக்கோ தீவில் நட்ட கன்றுகள் மஞ்சளித்துக் குன்றின. பைனஸ் பங்கசுவை மண்ணில் சேர்த்த பிறகே அவை வளர்ந்தன. நம் மலைகளிலும் பைனஸ் அந்நியமரமே. அது தனியாக நிற்கவில்லை என்பதற்கு அந்த வேர்நுனியே சாட்சி.

1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சமவெளிக்குள் நாங்கள் ஒரு பிடி மண்ணையும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் வெறுங்கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது. பாசி போர்த்து, காற்றுக்கு வளைந்து, குடை விரித்தாற்போல் நிற்கும் கீனா மரத்தின் பங்கசு உறையாக மூடுவதில்லை. அது வேரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து, நுண்ணிய கிளைகளாக விரிகிறது. நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை இந்த வகையோடுதான் வாழ்கின்றன, நம் தேயிலையும் சேர்த்து. 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தாவரப் புதைபடிவங்களிலேயே இதன் தடம் இருக்கிறது. சிங்களத்தில் மஹ ரத்மல் எனப்படும் செம்மலர் ரொடொடென்ரன் மரத்துக்கோ மூன்றாவதாக ஒரு வகை உண்டு. மயிரிழை போன்ற அதன் வேர்களில் வாழும் பங்கசு, புளித்த மண்ணின் மக்கிலிருந்து நைதரசனைப் பிரித்தெடுத்துக் கொடுக்கிறது.

மரங்கள் பங்கசு நூல்வழி ஒன்றுக்கொன்று உணவு அனுப்புகின்றன என்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. கனடாவில் வனவியலாளர் சுசான் சிமார்டின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைப் பங்கசுக்களைப் பகிர்ந்த பேர்ச், டக்ளஸ் ஃபர் மரக் கன்றுகளிடையே கரிமம் கடந்தது. வேறு வகைப் பங்கசுவோடு வாழும் சீடர் மரக் கன்றுக்கு மிகக் குறைவாகவே சேர்ந்தது. காட்டில் இது எவ்வளவு நிகழ்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. ஆகவே தாய்மரம், பாசம் என்றெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அந்தச் சீடர் கன்றுதான் முக்கியமாகப் பட்டது. பைனஸும் கீனாவும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், அவற்றின் வேர்கள் வெவ்வேறு கூட்டாளிகளோடு வாழ்கின்றன. பைனஸை வெட்டி அங்கே கீனாவை நட நினைப்பவர்கள், அந்த மண்ணில் கீனாவின் பங்கசு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. அம்பேவெல கடந்ததும் கேட்டார்: "அப்ப, நாங்க வெட்டின கான்ல நல்ல நூலும் அறுந்திருக்கும்தானே?"

அறுந்திருக்கும் அப்பா, ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் அந்த மலையே போயிருக்கும் என்றேன். அவர் தலையசைத்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த பைனஸ் மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார்.