மேடைக்கு வெளியே எடுத்த படங்கள்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கச் சிப்பாய்கள் முந்நூறு பேர் நடித்த மேடை நிகழ்ச்சி அது. ஆனால் அதில் ஆடிய ஒரு சிப்பாயின் போர்க்கால ஆல்பத்தில் மேடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் துணி காயப்போடுகிறார்கள், பெட்டி தூக்குகிறார்கள், லாரிக்குக் காத்திருக்கிறார்கள், ஹெல்மெட்டில் தண்ணீர் ஊற்றி முகம் மழிக்கிறார்கள், கப்பல் தளத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். இவர்கள் ஆடிப் பாடுகிறவர்கள் என்பதே ஐந்தாறு பக்கம் தாண்டிய பிறகுதான் தெரிகிறது.

நான் வேலை பார்ப்பது நியூ ஜெர்சியில், பழைய புகைப்படங்களை டிஜிட்டலாக்கித் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில். ஸ்கேன் செய்வது பாதி வேலைதான். யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுவது மீதிப் பாதி. வீட்டோடு வைத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டாவது வேலையைக் கேட்பதில்லை. நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க நினைப்பவர்கள் கேட்பார்கள். இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்த அம்மாள் கேட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், ஆல்பம் அவருடைய அப்பாவுடையது.

நிகழ்ச்சியின் பெயர் 'திஸ் இஸ் தி ஆர்மி'. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் எழுதியது. முதல் உலகப்போரின்போது, 1918இல், லாங் ஐலண்டின் கேம்ப் அப்டன் முகாமில் பெர்லினே சிப்பாயாக இருந்து, சிப்பாய்களை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சி போட்டிருக்கிறார். இரண்டாம் போர் வந்ததும் அதே முகாமுக்குப் போய் உட்கார்ந்து புதிதாக எழுதினார். 1942 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் அரங்கேறியது. வசூல் முழுக்க ராணுவத்தின் அவசர நிவாரண நிதிக்கு. அப்புறம் அமெரிக்க நகரங்கள், 1943இல் ஹாலிவுட் படம். அந்த நவம்பரில் ஆளைப் பாதியாகக் குறைத்து, நூற்றைம்பது பேர் அளவுக்கு ஆக்கி, லண்டனின் பல்லேடியம் அரங்கில் இறங்கினார்கள். பிரிட்டனோடு முடிந்திருக்க வேண்டிய பயணம். அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் பார்த்துவிட்டு மற்ற போர்முனைகளுக்கும் போகட்டும் என்று சொல்லப்போக, இத்தாலி, எகிப்து, ஈரான், நியூ கினி, பிலிப்பைன்ஸ் என்று நீண்டுகொண்டே போய், போர் முடிந்தும் நிற்காமல், 1945 அக்டோபர் 22 அன்று ஹவாயின் மாவி தீவில்தான் கடைசிக் காட்சி நடந்தது.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியின் ஆல்பத்தில் மேடை ஏன் இல்லை? காரணம் எளிது. காட்சி நடக்கும்போது ஆல்பக்காரர் மேடையில் இருக்கிறார். அவர் கையில் கேமரா இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பயனில்லை. அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்டிக் கேமராவுக்கு வெயில் வேண்டும். மேடை விளக்கில் எடுத்தால் கறுப்புக்குள் நாலு வெள்ளைத் திட்டுதான் விழும். இந்த ஆல்பத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது, பின்னால் 'நாங்கள்!' என்று எழுதியிருக்கிறது. மேடையை ஒழுங்காக எடுத்தவர்கள் ராணுவத்தின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர்கள். பெரிய கேமரா, ஃபிளாஷ் பல்பு, பளபளக்கும் பெரிய பிரிண்ட். அவற்றில் ஒன்றிரண்டை ஆல்பக்காரரும் எப்படியோ வாங்கி ஒட்டியிருக்கிறார். எல்லோரும் வரிசையாக, எல்லோர் வாயும் ஒரே அளவில் திறந்திருக்க, ஒரு குறையும் சொல்ல முடியாத படங்கள். எனக்கு அவற்றைப் பார்த்து எழுத ஒன்றுமே தோன்றவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற, ஓரம் பிசிறு வெட்டாக இருக்கும் அந்தச் சின்னப் படங்களோடுதான் என் நேரமெல்லாம் போனது.

அவற்றுக்கு இடமும் காலமும் கண்டுபிடிப்பது தனி வேலை. எங்கே இருக்கிறோம் என்று கடிதத்தில் எழுதக்கூடாது என்பது போர்க்கால விதி. ராணுவ அஞ்சல் எண் மட்டும்தான் முகவரி. அந்தப் பழக்கம் படங்களின் பின்பக்கத்துக்கும் வந்துவிட்டது போல. 'வெயில்', 'மறுபடி மழை', 'இன்னொரு லாரி' என்று எழுதுகிறாரே தவிர ஊர்ப் பெயர் எழுதுவதில்லை. ஆகவே துணியைப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் கம்பளிச் சீருடை கறுத்துத் தெரியும், பருத்திக் காக்கி வெளுத்துத் தெரியும். கம்பளி என்றால் அநேகமாக பிரிட்டன், அல்லது இத்தாலியின் தொடக்க மாதங்கள். காக்கி வந்துவிட்டால் 1944 கோடைக்கு நகர்ந்துவிடலாம். ரோம் நகருக்குள் நேச நாட்டுப் படைகள் நுழைந்தது 1944 ஜூன் 4. அந்த மாதமே இவர்களும் போய் அங்கே ஆபரா அரங்கில் ஆடியிருக்கிறார்கள். ஆல்பத்தில் ஒரு பெரிய கல் தூண், அதன் அடியில் காக்கிச் சட்டைகள், பக்கத்தில் திறந்து கிடக்கும் உடைப் பெட்டிகள். 'ரோமாக இருக்கலாம்' என்று எழுதினேன். எங்கள் குறிப்புகளில் அதிகம் வரும் சொல் 'இருக்கலாம்'தான்.

இத்தாலிப் பக்கங்களில் ஒரு தெருப் படம். முன்னால் இவர்கள் கூட்டம், பின்னால் சாலையோரம் தலைப்பாகையோடு இருவர். இத்தாலியில் இந்தியப் படையின் மூன்று டிவிஷன்கள் போரிட்டன, பாலம், சாலை போடும் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்களும் அங்கே இருந்தார்கள். நம்ம ஊர் ஆள் யாராவது தெரிகிறாரா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுதியது என்னவோ 'பின்னணியில் இந்திய வீரர்கள் இருவர்' என்று மட்டும்தான்.

யார் எடுத்தது என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. அப்பாவே எடுத்தார் என்றுதான் குடும்பம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பாதிப் படங்களில் அப்பாவே நிற்கிறார். பிரிண்டுகளின் அளவும் ஒன்றாக இல்லை. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வெவ்வேறு கேமராக்கள். தாளும் அப்படியே. சிலவற்றின் பின்னால் கோடாக்கின் வேலாக்ஸ் என்ற பெயர் சாய்வாக அச்சாகியிருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமில்லை. ஒரே நெகட்டிவில் ஐந்தாறு பிரதி போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருப்பார்கள், பதிலுக்கு அவர்களிடம் இருப்பதை வாங்கியிருப்பார்கள். போர்க்கால ஆல்பம் என்பது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்த சரக்குதான். 'எடுத்தவர்' என்ற புலத்தில் 'தெரியவில்லை' என்று போட்டபோது அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம். சரி, 'தொகுத்தவர்' என்று ஒரு புலம் சேர்த்து அதில் அப்பா பெயரைப் போடுகிறோம் என்றோம். அதுதான் உண்மையும்கூட. படத்தை எடுக்க ஒரு நொடி போதும். அதைப் பசிபிக் முழுக்க மூட்டையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மூலைகளில் ஒட்டி, வெள்ளை மையால் எண் போட்டவர் அவர்.

பாவாடை கட்டிய படங்கள்தான் கொஞ்சம் பேச வைத்தன. சிப்பாய்கள் மட்டுமே நடித்த நிகழ்ச்சி, ஆகவே பெண் வேடமும் ஆண்களே போட்டார்கள். ஒரு படத்தில் எண்ணெய் பீப்பாய் மேல் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே அலங்காரப் பாவாடை, காலில் ராணுவ பூட்ஸ், மேலே வெறும் உடம்பு, வாயில் சிகரெட். இதையெல்லாம் 'வேடிக்கை' என்று தனி ஃபோல்டரில் போடலாமா, நூலகத்துக்குக் கொடுக்கும்போது விட்டுவிடலாமா என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார். முடிவு அவர்களுடையது, எங்களுடையது அல்ல. ஆனால் கருத்தைக் கேட்டதால் சொன்னேன். அந்த மூவர் முகத்திலும் வேடிக்கை எதுவும் இல்லை. அடுத்த காட்சிக்குக் கூப்பிடும் வரை கிடைத்த ஐந்து நிமிடத்தில் காற்று வாங்குகிறார்கள். லாரி ஓட்டுநர் லாரியில் சாய்ந்து நிற்கும் படத்தை எந்த ஃபோல்டரில் போடுகிறோமோ அதில்தான் இதையும் போட வேண்டும். ஒப்பனை வழிய வழிய, வெப்ப மண்டலத்தில், வண்டியிலிருந்து தாமே இறக்கிப் பூட்டிய மேடையில் இரண்டு காட்சி ஆடிவிட்டு, மறுபடி தாமே பிரித்து ஏற்றுகிறவர்களுக்குப் பாவாடை ஒரு சீருடைதான். படங்கள் அதனதன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று கடைசியில் முடிவு செய்தார்கள்.

இனி சீட்டாட்டப் படம். நான் அதிக நேரம் செலவழித்தது இதற்குத்தான். கவிழ்த்துப் போட்ட உடைப் பெட்டி ஒன்றைச் சுற்றி நான்கு பேர். இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். ஒருவர் சீட்டை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார், எதிரே இருப்பவர் எட்டிப் பார்க்கிறார். இதில் என்ன என்று தோன்றும். 1944இல் அமெரிக்க ராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பருக்குத் தனிப் பிரிவு, தனிப் படுக்கைக் கொட்டகை, தனி உணவுக்கூடம். செஞ்சிலுவைச் சங்கம் காயம்பட்டவர்களுக்காகச் சேகரித்த ரத்தத்தைக்கூட நிறம் பார்த்துத் தனியாக வைத்தது. அந்த ராணுவத்துக்குள் இந்த நிகழ்ச்சிக் குழு மட்டும் ஒன்றாகத் தங்கியது, ஒன்றாகச் சாப்பிட்டது, ஒன்றாகக் கப்பலேறியது. ராணுவம் முழுக்கப் பிரிவினையை ஒழிக்கும் ஜனாதிபதி ட்ரூமனின் ஆணை 1948இல்தான் வந்தது.

மேடைக்கு வந்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. கறுப்பு வீரர்களுக்கென்று, நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதி பற்றிய ஒரு பாட்டைத் தனியாக ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். ஹாலிவுட் படத்திலோ வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி ஆடும் காட்சியே இருக்கிறது. மேடையில் கோடு இருந்தது, மேடையை விட்டு இறங்கியதும் அது மங்கிப்போனது. அந்த அதிகாரப்பூர்வப் பளபளப் படங்களில் காண்பது கோட்டைத்தான். கோடு மங்கியது தெரிய வேண்டுமானால் இந்தச் சீட்டாட்டப் படம் போன்ற ஒன்று தேவை. எடுத்தவருக்கு அது ஒரு செய்தியாகவே தோன்றியிருக்காது. பின்னால் இருப்பது நான்கு செல்லப் பெயர்களும் 'பொய்யன்' என்று ஒருவரைக் காட்டும் ஓர் அம்புக்குறியும்தான்.

இதற்குக் குறிப்பு எழுதுவதில் எனக்கும் எங்கள் மூத்த அலுவலருக்கும் நீண்ட பேச்சு. இந்தத் தொழிலில் பல வருடமாக இருப்பவர் அவர். படத்தில் தெரிவதை எழுது, தெரியாததை எழுதாதே என்பது அவருடைய விதி. 'நான்கு வீரர்கள் சீட்டாடுகிறார்கள்' என்றால் போதும் என்றார். நல்ல விதிதான், எத்தனையோ ஆல்பங்களில் என்னைக் காப்பாற்றிய விதி. ஆனால் நாளைக்கு ஒருவர் அந்த ராணுவத்தில் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தேடினால், சீட்டாட்டம் என்ற சொல்லை வைத்தா தேடுவார்? எழுதாமல் விட்டால் படம் நூலகத்தில் இருந்தும் இல்லாத கணக்குத்தான் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எழுதினால் அந்த நால்வரையும் உதாரணப் பொருளாக்கிவிடுவோம், அவர்கள் வெறுமனே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. கடைசியில் குறிப்பு அவர் சொன்னபடி ஒற்றை வரி. குழுவின் அமைப்பைப் பற்றிய செய்தி தனியாக, ஆல்பம் முழுமைக்கும் பொதுவான முன்குறிப்பில், தேடினால் கிடைக்கும் சொற்களோடு. இப்போதும் எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை.

பசிபிக் பக்கங்கள் பாழ். ஈரத்தில் பூஞ்சை, படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சைத் தின்றிருக்கிறது, கறுப்பான இடங்களில் வெள்ளி மேலேறி நீலமாக மின்னுகிறது. ஸ்கேனர் வெளிச்சத்தில் அந்த மினுக்கம் முகங்களை மறைக்கிறது. விளக்கைச் சாய்த்து வைத்துக் கேமராவால் எடுத்தோம். டிஜிட்டலில் துடைத்துச் சுத்தமாக்கித் தர முடியும், ஆனால் நூலகத்துக்குப் போகும் கோப்பில் கறையைத் தொடுவதில்லை. வீட்டில் மாட்ட விரும்பியவற்றை மட்டும் தனியாகச் சரிசெய்து கொடுத்தோம்.

ஆல்பத்தின் பின்னட்டையில் நிகழ்ச்சி நிரல் ஒன்று மடித்துச் செருகியிருந்தது. நடிகர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ராணுவப் பதவி. அதை வைத்துச் சீட்டாட்டப் படத்தின் செல்லப் பெயர்களில் இரண்டைப் பொருத்த முடிந்தது. மூன்றாவது ஆல்பக்காரரே. அவர்தான் பொய்யன் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். நான்காவது பெயர் பட்டியலில் யாருக்கும் பொருந்தவில்லை. 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதி, செல்லப் பெயரை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்பியிருக்கிறேன்.