டபரா செட்டும் என் சிறுகுடலும்

எல்.ஐ.சி. ஏஜெண்ட் வேலையில் எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத விதி ஒன்று உண்டு. வீட்டில் கொடுக்கிற காபியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பாலிசி எடுப்பார்களோ மாட்டார்களோ, போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் டபரா டம்ளர் வந்துவிடும். கும்பகோணத்தில் இது இன்னும் ஒரு படி கூடுதல். டிகிரி காபி ஊர் என்கிற பேரைக் காப்பாற்றும் பொறுப்பை ஒவ்வொரு அடுப்படியும் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம், தினம் ஐந்து காபிக்குக் குறையாமல் குடித்துவிட்டு ஊர் சுற்றினேன். வயிறு ஒரு வார்த்தை பேசியதில்லை.

2023 ஆவணியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்வந்தேன். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீர்தான் சரியில்லை. அன்று ராத்திரி ஆரம்பித்த வயிற்றுப்போக்கு ஐந்து நாள் நிற்கவில்லை. டிரிப்ஸ் ஏற்றி, ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

முதல் வீடு சுவாமிமலையில். வழக்கமான காபி. முக்கால் மணி நேரம் கழித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது வயிற்றுக்குள் கடாமுடா என்று சத்தம். எதிரே இருந்தவருக்கே கேட்டிருக்கும். அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். கும்பகோணத்தில் எந்தெந்த இடத்தில் சுத்தமான கட்டணக் கழிப்பறை இருக்கிறது என்று அடுத்த மூன்று மாதத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது என்பதோடு விடுகிறேன்.

அம்மா "வாயுடா, ஓமத் தண்ணி குடி" என்றாள். மச்சானின் பையன் ஆன்லைனில் பார்த்து ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்துவிட்டான். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவுகளை ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்று விளம்பரம். ஒன்பதாயிரம் ரூபாய். வந்த பட்டியலில் சிவப்புக் கட்டத்தில் முப்பத்தோரு பொருள். பால், துவரம் பருப்பு, கோதுமை, தக்காளி, கத்திரிக்காய், நிலக்கடலை... சாம்பார் என்கிற ஒரு வஸ்துவையே தடை செய்துவிட்டார்கள். என் மனைவி அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, மூன்று மாதம் எனக்குத் தனி உலை வைத்தாள். இரண்டே வாரத்தில் வயிறு சரியாகிவிட்டது. ஆனால் ஆறு கிலோ இறங்கிவிட்டேன். போகிற வீட்டிலெல்லாம் "சார், சுகரா?" என்று விசாரிப்பு.

அந்த இளைப்புக்குப் பயந்துதான் தஞ்சாவூரில் ஒரு குடல் டாக்டரிடம் போனேன். பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டுக் கேட்டார்: "இதுல நீங்க தினம் சாப்பிடாதது ஏதாவது இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"நீங்க வழக்கமா என்ன சாப்பிடுறீங்கன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க வீட்டம்மாவைக் கேட்டா சும்மாவே சொல்லியிருப்பாங்களே."

அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு உடம்பில் ஐஜிஜி இருப்பது இயல்பு, அதை வைத்து ஒவ்வாமை என்று முடிவு கட்டக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டதாம். முப்பத்தொன்றையும் நிறுத்தினேன், குணமானது. ஆனால் குணத்துக்குக் காரணம் முப்பத்தொன்றும் இல்லை, ஒன்றே ஒன்று. பால்.

அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சிறுகுடலின் உள்சுவர் முழுக்க நாற்றங்கால் மாதிரி பொடிப்பொடியாக நீட்டிக்கொண்டிருக்கும் குடல் உறிஞ்சிகள். பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, அந்த நாற்றின் நுனியில் இருக்கும் முற்றிய செல்களில்தான் இருக்கிறது. தொற்று வந்தால் முதலில் அடிபடுவது நுனி. எங்கள் டெல்டாவில் மழை வெள்ளம் வடிந்த பிறகு வயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்துவிடும், நாற்று நிமிர நாளாகும். குடலிலும் மற்ற நொதிகள் திரும்பிய பிறகு கடைசியாகத்தான் லாக்டேஸ் வருமாம். சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் பாக்டீரியாவிடம் சிக்கிப் புளித்து வாயுவாகிறது. அம்மா சொன்ன வாயு பொய்யில்லை, ஓமத் தண்ணிதான் அதற்குப் போதவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் ஒண்ணும் பண்ணலையே டாக்டர்?"

நம் பக்கத்தில் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்கு லாக்டேஸ் ஏற்கெனவே குறைவுதானாம். வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களுக்கு இந்தக் குறைவு அதிகம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் போய்க்கொண்டிருந்தால் பெருங்குடல் பாக்டீரியாக்களும் அதற்குப் பழகிச் சமாளித்துவிடும். எனக்குத் தொற்று நுனியை அரித்தது, அதோடு பழகின பாக்டீரியாக்களையும் ஆன்டிபயாடிக் கலைத்துப் போட்டிருக்கும் என்றார். கையிருப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்கு, ஒரு செலவில் கவிழ்ந்துவிட்டது.

தொற்றுக்குப் பிறகு குடல் கெட்டுப்போவது நம் ஊருக்குப் பழைய கதைதானாம். 1960களில் ஊர் ஊராகப் பரவிய ‘ஸ்ப்ரூ’ நோயை வேலூர் சிஎம்சியில் பேக்கர், மாதன் என்கிற இரண்டு மருத்துவர்கள் ஆராய்ந்ததைச் சொன்னார். பேதியில் ஆரம்பித்து, சாப்பிடுவது உடம்பில் ஒட்டாமல் ஆளே உருகிப்போகிற நோய் அது.

வீட்டுக்கு வந்து படித்ததில் இன்னொன்று என்னை உலுக்கியது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் குடல் தொற்று இருக்கும்போதே முட்டை வெள்ளைப் புரதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். தொற்று தீர்ந்த பிறகு அதே புரதம் மறுபடி போனபோது குடல் அதையும் எதிரியாகப் பார்த்து வலியைக் கிளப்பியிருக்கிறது. கிருமி நுழைந்த நேரத்தில் கூட நின்ற பாவத்துக்கு அதன் பேரும் வழக்கில் சேர்ந்துவிட்டது. அந்த எதிர்ப்பு குடல் சுவரோடு நின்றுவிடுகிறது, ரத்தத்தில் தேடினால் தெரியாது. 2021ல் வெளியான ஆய்வு இது. என் சங்கதி வேறு, வெறும் செரிமானக் கோளாறு. ஆனால் பேதியாகும் பிள்ளைக்கு விதவிதமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்க்கும் வீடுகளைக் கண்டால் இப்போது எனக்குக் கை பதறுகிறது. (இறால் சாப்பிட்டு உதடு வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அது முழு அலர்ஜி. அதை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் ஓடுங்கள்.)

பட்டியலைக் கிழித்துப் போட்டு, மூன்று நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். துவரம் பருப்பு திரும்பிய அன்று என் மனைவி சாம்பாரோடு பாயசமும் வைக்கப் போனாள், பாலில்லாத பாயசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தயிரும் மோரும் முதல் நாளிலிருந்தே ஒன்றும் செய்யவில்லை. தயிரில் இருக்கும் பாக்டீரியா லாக்டோஸை உடைக்கும் நொதியைத் தானே கையோடு கொண்டுவருகிறதாம்.

பாலுக்கு மட்டும் தனிக் கணக்கு. 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ். நம் ஊர் டம்ளர் காபியில் 120 மில்லி பால் என்று வைத்தால் 6 கிராம், ஐந்து காபிக்கு 30. அத்தனையையும் ஒரே மூச்சில் மீட்கப் பார்த்ததுதான் தப்பு. காலாவதியான பாலிசியை ரிவைவ் பண்ணுவது எனக்குத் தெரியாத வேலையா? சாப்பாட்டோடு 50 மில்லியில் ஆரம்பித்தேன். ஐந்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏற்றினேன். இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தைரியமாகக் குடிக்கிறேன். மூன்றாவது குடித்தால் சுவாமிமலை ஞாபகம் வந்துவிடும்.

போன வாரம் தாராசுரத்தில் பழைய பாலிசிதாரர் வீடு. தறி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அரை டம்ளர் போதும்மா என்றேன்.

"டாக்டரே சொன்ன பெறகு நான் என்ன தம்பி வற்புறுத்தறது" என்று சரியாக அரை டம்ளர் கொண்டுவந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். உள்ளே போனவர் டபராவோடு திரும்பி வந்தார்.

"இந்தாங்க, மிச்ச அரை."