ரஷோமோனுக்கு முந்தைய குரோசாவா

ஜூன் 8

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'சன்ஷிரோ சுகாடா' பார்த்தேன். 1943இல் வந்த அவருடைய முதல் படம். ஜூடோ ஆசானின் ரிக்‌ஷாவை இழுப்பதற்காக நாயகன் கழற்றிப்போட்ட மரச்செருப்பு மழையில் நனைகிறது, நாய்க்குட்டியின் வாயில் அகப்படுகிறது, பனியில் புதைகிறது, ஆற்றில் மிதந்து போகிறது. காலம் ஓடிவிட்டது, ஒரு வார்த்தைகூட இல்லை. முதல் படத்திலேயே இந்தத் துணிச்சல்! தாமரைக் குளத்தில் இரவெல்லாம் கிடந்து விடியலில் ஞானம் பெறுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. கதை ஆங்காங்கே தாவுவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. 1944 மறுவெளியீட்டுக்காகச் சுமார் 17 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள்.

ஜூன் 10

'தி மோஸ்ட் பியூட்டிஃபுல்' (1944). போர்க்காலப் பிரச்சாரம், லென்ஸ் தொழிற்சாலைப் பெண்கள். நடிகைகளை உண்மையான தொழிற்சாலை விடுதியிலேயே தங்கவைத்திருக்கிறார். அந்தக் களைப்பு முகங்களில் தெரிகிறது. படம் பிடிக்கவில்லை, முகங்கள் பிடித்தன. இதன் நாயகி யோகோ யகுச்சியைத்தான் அடுத்த ஆண்டு மணந்துகொண்டார்.

ஜூன் 15

'ஒன் வொண்டர்ஃபுல் சண்டே' (1947) மனதை விட்டு நீங்கவில்லை. போரில் தோற்ற டோக்கியோ. காதலர் இருவர், கையில் 35 யென், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கச்சேரிக்கு மலிவு டிக்கெட் கிடைக்காததால், ஆளில்லாத திறந்தவெளி அரங்கில் அவன், இல்லாத இசைக்குழுவை நடத்தத் தொடங்குகிறான். கை ஓய்ந்துபோகிறது. அப்போது காதலி மசாகோ நேராகக் கேமராவை நோக்கித் திரும்பி, எங்களைப் போன்ற ஏழைக் காதலர்களுக்காகக் கைதட்டுங்கள் என்று பார்வையாளர்களிடமே கெஞ்சுகிறாள்.

ஜப்பானில் பார்வையாளர்கள் தட்டவில்லை. பாரிஸில் தட்டினார்கள் என்று குரோசாவாவே எழுதியிருக்கிறார். காட்சி மிகவும் நீளம், கண்ணீர் அளவு மீறிவிட்டது. இதைப் பலவீனமான படம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 'இகிரு'வில் (1952) பனி பெய்யும் இரவில் ஊஞ்சலாடும் கிழவர் இந்த அரங்கிலிருந்து வந்தவர் என்றே நினைக்கிறேன். ஒன்றுமில்லாத இடத்தில் ஒருவன் தன் மகிழ்ச்சியைத் தானே உண்டாக்கிக்கொள்வது இரண்டிலும் உண்டு. இங்கே நம்மிடம் கேட்டு வாங்கப் பார்க்கிறார். அங்கே கேட்கவில்லை, நாம் கொடுத்துவிடுகிறோம்.

ஜூன் 16

'டிரங்கன் ஏஞ்சல்' (1948). நடிகர் தோஷிரோ மிஃபுனே வந்துவிட்டார்! காசநோய் தின்னும் ரௌடி, அவனைத் திட்டித் திட்டியே காப்பாற்றத் துடிக்கும் குடிகார டாக்டராக தகாஷி ஷிமுரா, நடுவில் நுரைக்கும் சாக்கடைக் குட்டை. எல்லாரும் கைவிட்ட பிறகு ரௌடி கடைத்தெருவில் தள்ளாடி நடக்கும்போது ஒலிபெருக்கியில் துள்ளலான குயில் வால்ட்ஸ். தந்தை இறந்த செய்தி கேட்டுத் தெருவில் திரிந்த நாளில் குரோசாவாவின் காதில் விழுந்த இசை அது. சோகத்துக்குச் சோக இசை தேவையில்லை என்று அந்தத் தெரு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. மசாகோவை அழவைத்து அடுத்த ஆண்டே இந்த இடத்துக்கு வந்துவிட்டாரே! உபதேசம் இன்னும் இருக்கிறது, ஆனால் அது டாக்டரின் கோபத்தோடு கலந்து வருவதால் உறுத்தவில்லை.

அவருக்கு உலகப் புகழ் தந்த 'ரஷோமோனில்' (1950) தொடங்கச் சொல்லும் நண்பர்களுக்கு இனி 1947ஐயும் 1948ஐயும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன். நாளை 'ஸ்ட்ரே டாக்'.