ஹைசேர் வாங்குமுன் குழந்தையின் கால்களைப் பாருங்கள்

குழந்தையை உட்கார வைத்து ஊட்டும் உயரமான நாற்காலியான ஹைசேரை வாங்கக் கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் சக்கரங்களை உருட்டிக் காட்டுவார். பிறகு முதுகுப் பகுதியை ஐந்து நிலைகளில் சாய்த்துக் காட்டுவார். இதே நாற்காலி நாளை ஊஞ்சலாகும், மறுநாள் மேசையாகும் என்பார். உணவு வைக்க முன்னால் மாட்டும் ட்ரேயில் பொருத்திய பொம்மையை அழுத்திப் பாட்டும் போட்டுக் காட்டுவார். உட்கார்ந்த குழந்தையின் கால் எதன்மேல் ஊன்றும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. எங்கள் மகளுக்கு இணை உணவு தொடங்கும் காலம் நெருங்கியபோது கோயம்புத்தூர் கிராஸ் கட் ரோட்டுக் கடைகளிலும் இணையத்திலும் பல நாற்காலிகளைப் பார்த்து, குழந்தை மருத்துவரிடமும் பேசிய பின் எனக்குத் தெளிவானது இதுதான்: குழந்தை நிமிர்ந்து உட்காருகிறதா, அவசரத்தில் அதை எவ்வளவு விரைவாக வெளியே எடுக்க முடியும், சாப்பாடு முடிந்ததும் நாற்காலியை எவ்வளவு எளிதாகக் கழுவ முடியும் என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மற்றவையெல்லாம் வாங்குகிற நம் கண்ணுக்காகச் சேர்க்கப்பட்டவை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் மருத்துவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் சொல்வதும் அதுவே. ஆனால் நாற்காலியில் உட்கார வைப்பதற்கு நாள்காட்டியோடு சேர்த்துக் குழந்தையின் உடம்பையும் பார்க்க வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். சிறிது ஆதரவு கொடுத்தால் உட்கார முடிய வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். நம் தட்டைப் பார்த்து அது கை நீட்டத் தொடங்கியிருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு மாறும் என்பதால் அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் நாற்காலிப் பேச்சை எடுத்ததும் அத்தை, “ஏங்கண்ணு, மடியில வெச்சு ஊட்டுனா எறங்காதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அவற்றின்மேல் கிடத்தி, சங்கில் பால் புகட்டி வளர்த்தவர் அவர். ஆனால் மசித்த பருப்புச் சாதமும் கெட்டியான ராகிக் கூழும் அந்தப் படுத்த நிலையில் கொடுக்கக் கூடியவை அல்ல. கிடந்த வாக்கில் இருக்கும் குழந்தை தான் விழுங்க முடிவெடுக்கும் முன்பே உணவு தொண்டையை நோக்கி வழுக்கிப் போய்விடும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டினால் எந்தக் குறையும் இல்லை. நாற்காலி கூடுதலாகத் தருவது குழந்தையின் இரண்டு கைகளுக்கும் விடுதலை, ஊட்டுகிறவர் எதிரில் உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்க்கும் வசதி ஆகிய இரண்டையும்தான்.

ஐந்து நிலைச் சாய்மானம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதில் சாப்பாட்டுக்குப் பயன்படப்போவது ஒரே ஒரு நிலைதான், அதாவது முற்றிலும் நிமிர்ந்த நிலை. விளம்பரப் படங்களில் கொழுத்த மெத்தையில் சாய்ந்து சிரிக்கும் குழந்தையைப் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சாய்ந்த குழந்தையால் ட்ரேயில் இருக்கும் இட்லித் துண்டை எட்டி எடுக்க முடியாது, வாய்க்குள் போனதை முன்னால் கொண்டுவந்து துப்பவும் முடியாது. நான் பார்த்த சில நாற்காலிகளில் மிக நிமிர்ந்த நிலையே கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்துதான் இருந்தது. ஆகவே கடையிலேயே குழந்தையை உட்கார வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடுப்பு இருக்கையின் பின்புறத்தை ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்க வேண்டும். பாதம் தட்டையாக எதன்மேலாவது பதிய வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. கால் எட்டாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தவருக்கு இதன் தொல்லை தெரியும். சற்று நேரத்தில் முதுகு வளையும், தொடை மரத்துப்போகும், கவனம் சாப்பாட்டிலிருந்து நழுவும். இடுப்பிலும் முதுகிலும் இன்னும் வலு ஏறாத ஆறு மாதக் குழந்தைக்கு இது பல மடங்கு. பாதம் ஊன்றினால்தான் உடம்பு நிலைபெறும். உடம்பு நிலைபெற்றால்தான் கையும் தாடையும் நாக்கும் தத்தம் வேலையைச் செய்யும். குழந்தை சில வாய் வாங்கியதும் நெளிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து அழுதால் பசி இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். தொங்கும் கால்களே காரணமாக இருக்கவும் கூடும்.

நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஒப்ஸ்விக் 1972-இல் ஸ்டொக்கே நிறுவனத்துக்காக உருவாக்கிய ட்ரிப் ட்ராப் நாற்காலியின் அடிப்படையே இந்த எண்ணம்தான். சாய்ந்த இரண்டு மரக் கால்களில் வரிசையாகக் காடிகள் வெட்டி, இருக்கைப் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் குழந்தை வளர வளர இடம் மாற்றிப் பொருத்துகிறார்கள். குழந்தை பெரியவர்களின் மேசைக்கே நேராக உட்காருகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அதன் விலை எட்டாது, அதை நான் பரிந்துரைக்கவும் இல்லை. ஆனால் எந்த நாற்காலியைப் பார்த்தாலும் கால் பலகை இருக்கிறதா, அது ஏறி இறங்குகிறதா என்று கேட்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது. இதற்கு நேர் எதிர்முனையில் ஐக்கியா என்ற அறைகலன் நிறுவனத்தின் ஆன்டிலோப் நாற்காலி இருக்கிறது: வெறும் பிளாஸ்டிக் இருக்கை, கழற்றி மாட்டும் நான்கு கால்கள், கழுவுவதற்கு அதைவிட எளிது வேறில்லை, ஆனால் கால் பலகை கிடையாது. அதற்கென்றே தனியாகக் கால் பலகை செய்து விற்கும் சிறு வியாபாரிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பதே அந்தக் குறையை நன்றாகச் சொல்லிவிடுகிறது.

ட்ரேயின் உயரமும் இதோடு சேர்ந்தது. குழந்தையின் முழங்கை இயல்பாக ட்ரேயில் படிய வேண்டும். ட்ரே தொப்புளுக்கும் மார்புக்கும் இடையில் அமைவது சரி. சில நாற்காலிகளில் ட்ரே கழுத்து வரை வந்துவிடுகிறது. கிணற்றுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தன் உணவே கண்ணில் படாது. இருக்கை மிக அகலமாக இருந்தால் ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் இருபுறமும் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பெல்ட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ட்ரேயை மாட்டிவிட்டால் குழந்தை எங்கும் போகாது என்று நினைக்கிறோம். ட்ரே குழந்தையைப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல. அதற்கு அடியில் வழுக்கி இறங்கும் குழந்தை கழுத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கையோடு சேர்ந்தோ ட்ரேயோடு சேர்ந்தோ அசையாத ஒரு தடுப்பு இருந்தாக வேண்டும்; அதற்கும் மேல் பெல்ட் வேண்டும். அமெரிக்காவில் 2019 முதல் ஹைசேருக்கான ஏஎஸ்டிஎம் எஃப்404 தரம் சட்டப்படி கட்டாயம். ஐரோப்பாவில் இஎன் 14988 என்ற தரம் உண்டு. இந்த எண்களில் ஒன்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தால் அதை ஒரு நல்ல அறிகுறியாகக் கொள்ளலாம். தோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஐந்து முனைப் பெல்ட், எழுந்து நிற்க முயலும் வயதில் இடுப்புப் பெல்ட்டைவிட நன்றாக உதவும். நம் ஊர் ஹோட்டல்களில் மூலையில் அடுக்கி வைத்திருக்கும் மர நாற்காலிகளில் பெல்ட் பெரும்பாலும் அறுந்தோ காணாமலோதான் இருக்கிறது. அங்கே மகளை மடியில் வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

கட்டிப்போடுவது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அவிழ்ப்பது. புதிதாகச் சாப்பிடப் பழகும் குழந்தை அடிக்கடி குமட்டும். முகம் சிவந்து, ஓசையோடு இருமி, உணவை முன்னால் தள்ளிவிடும். அது உடம்பே செய்துகொள்ளும் பாதுகாப்பு. பதறி வாயில் விரலை விட வேண்டியதில்லை. மூச்சுக்குழாய் உண்மையில் அடைபட்டால் ஓசையே வராது, அழ முடியாது, உதடு நீலமாகத் தொடங்கும். அப்போது குழந்தையை உடனே வெளியே எடுத்து, முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தித் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து முறை தட்டி, அடைப்பு நீங்காவிட்டால் மல்லாத்தி நடுமார்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதை இணை உணவு தொடங்குமுன் மருத்துவரிடமோ முதலுதவி வகுப்பிலோ நேரில் பழகிக்கொள்வது நாற்காலி வாங்குவதைவிட அவசரமான வேலை. நாற்காலி தொடர்பாக இதில் கவனிக்க வேண்டியது, ட்ரேயும் பெல்ட்டும் ஒரே கையால் நொடியில் கழல வேண்டும் என்பது. கடையில் உலர்ந்த கையால் எல்லாக் கொக்கிகளும் கழன்றுவிடும். நெய் பிசுக்கு ஏறிய கையால் கழலுமா என்பதே கேள்வி. நான் பார்த்த விலை உயர்ந்த ஒரு நாற்காலியின் ட்ரேயைக் கழற்ற இரண்டு பக்க விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டியிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தது கழுவுதல். இதைப் படிக்கிறவர் இன்னும் ஊட்டத் தொடங்காதவர் என்றால் இந்தப் பத்தியை மிகை என்று நினைக்கலாம். பருப்புச் சாதம் உலர்ந்தால் ஒட்டுப்பசை. ராகிக் கூழ் உலர்ந்தால் சிமென்ட். பஞ்சு வைத்துத் தைத்த ரெக்சின் மெத்தையில் தையல் போன வழியெல்லாம் சோற்றுப் பருக்கை புகும். ஊசித் துளை வழியே பால் உள்ளே இறங்கிப் புளித்த வாடை வரும். பிறகு எறும்பு வரும். பெல்ட் இருக்கைக்குள் நுழையும் துளை, கொக்கியின் உட்பக்கம், ட்ரே நழுவும் காடி ஆகிய மூன்று இடங்களிலும் விரல் நுழையாது, பழைய பல் துலக்கும் பிரஷ்தான் நுழையும். மடிப்பும் தையலும் இல்லாத ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக் இருக்கையே நம் சமையலுக்குப் பொருத்தமானது. மெத்தை வேண்டுமென்றால் கழற்றித் துவைக்கக் கூடியதாக இருக்கட்டும். வெள்ளை ட்ரேயில் மஞ்சள் கறை ஏறும் என்று கவலைப்பட வேண்டாம். கழுவி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் கறை வெளுத்துவிடும், மஞ்சளின் நிறப்பொருள் வெயிலுக்குத் தாங்காது. இரும்பு நாரால் தேய்த்தால் மட்டும் கீறல் விழுந்து அடுத்த கறை ஆழமாகப் பிடிக்கும்.

நாற்காலியின் கால்கள் இருக்கையைவிட நன்றாக வெளியே விரிந்திருக்க வேண்டும். குழந்தை எதிரில் உள்ள மேசையையோ சுவரையோ காலால் உதைத்துத் தள்ளும்போதுதான் நாற்காலி பின்னால் சாய்கிறது. ஆகவே கால் எட்டாத தூரத்தில் போட வேண்டும், கொதிக்கும் சாம்பார் பாத்திரமும் மேசை விரிப்பின் நுனியும் கைக்கு எட்டாத தூரத்திலும் போட வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் சக்கரம் வைத்த நாற்காலி எனக்கு உடன்பாடில்லை. பூட்டு இருந்தாலும் அதைப் போட மறப்பவர்கள்தான் வீட்டில் அதிகம்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் ஹைசேர் தேவையா என்று தோழி ஒருத்தி கேட்டாள். தேவையில்லை என்றுதான் சொன்னேன். எல்லோரும் கீழே பாயில் இருக்கும்போது குழந்தையை மட்டும் உயரத்தில் ஏற்றிவைத்தால் அது யாருடைய தட்டையும் பார்த்துக் கற்க முடியாது. பெல்ட் உள்ள தாழ்ந்த இருக்கை ஒன்றைத் தரையில் வைத்தால் போதும். ஆனால் தரைக்கான இருக்கையைத் தரையில்தான் வைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பம்போ என்ற மெத்தென்ற இருக்கையை மேசைமேல் வைத்ததால் குழந்தைகள் விழுந்து காயமடைந்து, 2012-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ நாற்பது லட்சம் இருக்கைகளுக்குப் பெல்ட் சேர்க்க வேண்டியதாயிற்று.

நாங்கள் கடைசியில் எடுத்தது, மெத்தை இல்லாத, கால் விரிந்த, சக்கரம் இல்லாத ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி. அடுக்ககத்தில் ஒருவர் பயன்படுத்தி முடித்தது. பழையதை வாங்குவதில் கூச்சமே வேண்டாம். விரிசல், நைந்த பெல்ட், கொக்கியின் பிடிப்பு, கால்களின் ஆட்டம் ஆகியவற்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கால் பலகை அதில் இல்லாததால் தச்சரிடம் ஒரு பலகை அறுத்து வாங்கி, முன் கால்கள் இரண்டோடும் இறுக்கும் பட்டையால் பிணைத்திருக்கிறோம். அதனால் நாற்காலி ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகே மகளை உட்கார வைத்தோம். அவள் கால் நீள நீளப் பட்டையைத் தளர்த்திப் பலகையை ஒரு விரற்கடை கீழே இறக்கி மீண்டும் இறுக்குகிறோம். சரியான உயரமா என்பதை அறிய முழங்கால் மடிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.